உங்க வண்டிக்கு அடியில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை

மஞ்சுளாவின் நைனாவுக்கு, என் மாமாவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்க வண்டி ஓடுகிறது. ஸ்டீயரிங் ஆட்டமில்லாமல் நிற்கிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் கேட்குமே லொடக் லொடக் என்று ஒரு சத்தம், அது போய்விட்டது. போன சனிக்கிழமை அத்தையை முன்சீட்டில் உட்காரவைத்து, பிச்சாட்டூரிலிருந்து நாராயணவனம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.

மாமா என்று படித்ததுமே உங்க நெற்றி சுருங்கியிருக்கும். நீங்க இருந்தவரை உங்க முகத்துக்கு நேராக அதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. இப்போது உங்களைக் கேட்டுச் சம்மதம் வாங்கவும் வழியில்லை. அதனால் கேட்காமலே எழுதுகிறேன்.

நான் சேகர். உங்க ரெண்டாவது பெண்ணைக் கட்டிக்கொண்டவன். அடுத்த ஊர்க் காலனியில் பிறந்தவன். எங்க நைனா உங்க கரும்புக் கொல்லைக்கு வெட்டுக்கு வந்தவர். நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, நாயுடுபேட்டை பக்கம் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். வீடு திருப்பதியில். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்பது வருஷம் தெரியாத மாதிரியே இருந்தீங்க.

நாம் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது மூன்றே தடவை. முதல் தடவை, பெண் கேட்டு வந்தபோது. கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துப் பேசினீங்க. கத்தவில்லை, ஆள் கூப்பிடவில்லை. "உங்க நைனாவை எனக்குத் தெரியும். நல்ல மனுஷன். ஆனா இது ஆவாது. போய்ட்டு வா" என்றீங்க. எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற வார்த்தைதான். ஆனாலும் கடைசியில் நீங்க சொன்ன அந்த ‘வா’வை நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டாவது தடவை, பாப்பா பிறந்தபோது. ஆஸ்பத்திரிக்கு வந்து, துணியை விலக்கி முகத்தைப் பார்த்து, "மஞ்சு மூக்கு" என்றீங்க. கையில் வாங்கவில்லை. நான் ரெண்டடி தள்ளி ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டித்தான் வெளியே போனீங்க.

மூன்றாவது தடவை, புத்தூர் பக்கம் ரயில்வே கேட்டில். கேட்டு போட்டிருந்தது. நான் பைக்கில் வந்து நின்றேன். பக்கத்தில் உங்க வெள்ளிக் கலர் கார். கண்ணாடி இறங்கியிருந்தது. என்ன பேசுவது? பேசாமல் இருக்கவும் முடியவில்லை. என் கண் உங்க முன் டயரில் விழுந்தது. உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. "டயர் ஒரு பக்கமா தேயுது. அலைன்மென்ட் பாருங்க. அடியில ஏதோ ஆட்டம் இருக்கும்" என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டீங்க. ரயில் வந்தது, போனது. கேட்டு திறந்ததும் நீங்க முன்னால் போனீங்க.

அதற்கப்புறம் நான் உங்களைப் பார்த்தது, உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான். பொங்கல் கழிந்து மாந்தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தீங்களாம், அப்புறம் எழவே இல்லையாம். மஞ்சு உள்ளே போனாள். நான் தெருமுனையில் நின்றேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

இனி வண்டிக் கதைக்கு வருகிறேன்.

ஆடி மாசம் ஒரு சாயங்காலம், கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன். "நான் மஞ்சு அம்மா பேசறேன்" என்று ஒரு குரல். ஒன்பது வருஷத்தில் அத்தை என் நம்பருக்குப் பேசுவது அதுதான் முதல் தடவை. அவங்க யார் என்று அவங்களே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது பாருங்க.

"கண்ணுக்குள்ள ஊசி போடணும்னு சொல்லிட்டாங்க. மாசா மாசம் திருப்பதி வரணுமாம். சர்க்கரையால வந்ததாம்" என்றாங்க. "பஸ்ல வந்துடுவேன். ஆனா ஊசி போட்டுக்கினு, ஒரு கண்ணைக் கட்டிக்கினு, புத்தூர்ல எறங்கி இன்னொரு பஸ்ஸு ஏறணும். நம்பரு தெரிய மாட்டேங்குது. போன வாட்டி வேற பஸ்ல ஏறிட்டேன்."

பஸ் இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"வண்டி ஒண்ணு நிக்குது. ஸ்டீயரிங்கு ஆடுதுன்னு சின்னவரு எடுக்கறதில்ல. இரும்புக்குப் போட்டுடலாம்னு சொல்லிக்கினு இருக்காரு. ரிப்பேருன்னு கேட்டைத் தாண்டிப் போனாக்கூட அது அப்படியே இரும்புக்குப் போய்டும், திரும்பி வராது. வீட்லயே வெச்சு சரிபண்ண முடியுமா? நீங்க பார்க்கறீங்களா?"

சின்னவரு என்றது உங்க தம்பியை. என்னை ‘நீங்க’ என்றாங்க, மாமா. வீட்டுக்கு வந்து மஞ்சுவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. என் போனைப் பிடுங்கி நம்பரைப் பார்த்தாள். "உன் நம்பருக்கா? உன்கிட்டயா?" என்று ரெண்டு தடவை கேட்டாள். அப்புறம் அடுப்பங்கரையில் போய் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூப்பிட்டேன். "நான் வந்தா அம்மா என்கூடவே பேசிக்கினு இருப்பாங்க. நீ மட்டும் போ" என்றாள். நீங்க வளர்த்த பெண், மாமா. சில இடத்தில் உங்களைவிடக் கெட்டி.

பார்க்காமலேயே எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்த டயர், அந்த வயசு வண்டி, ஸ்டீயரிங் ஆட்டம். சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனை இருக்கிறதே, டை ராடு எண்டு, அது தேய்ந்திருக்கும். சக்கரத்தை அடியில் தாங்கிப் பிடிக்கிற லோயர் ஆர்ம், அதன் ரப்பர் புஷ்ஷும் குண்டு மூட்டும் போயிருக்கும். ரெண்டு பக்கத்துக்கும் சனிக்கிழமையே திருப்பதியில் வாங்கிவிட்டேன். ஸ்பேனர் செட், ரெண்டு ஸ்டாண்டு, ஜாக்கி, துரு இளக்குகிற ஸ்ப்ரே எல்லாம் எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினேன்.

கேட்டை அத்தையே திறந்தாங்க. ஒரு கதவைத் திறந்தால் போதும், நான் கையில் பையோடுதான் நின்றேன். ரெண்டு கதவையும் திறந்தாங்க. "வாங்க" என்றாங்க. என் செருப்பை எங்கே விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டே ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

வண்டி மேல் தூசி. டயரில் காற்றில்லை. பம்ப் அடித்து, வீல் நட்டுகளைக் கொஞ்சம் இளக்கிவிட்டு, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் உட்காரவைத்தேன். கழற்றின சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே தள்ளிவைத்தேன். ஸ்டாண்டு ஏமாற்றினாலும் அது தாங்கும். சக்கரத்தைக் கழற்றும் முன்னால் ரெண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். தயிர் கடைகிற மத்து மாதிரி ஆடியது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். உள்ளேயிருந்து லொடக்.

அந்தச் சத்தத்துக்கு அத்தை நிமிர்ந்தாங்க. ஷெட்டு ஓரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாங்க. அவங்களுக்கு நடுப்பார்வை மங்கல். என் முகம் தெரிந்ததா, தெரியாது. சத்தம் மட்டும் பளிச்சென்று கேட்டிருக்கிறது.

"இந்த சத்தம்தான்" என்றாங்க. "ஏரிக்கரை திரும்பும்போதே எனக்குக் கேட்டுடும். அவரு வந்துக்கினு இருக்காருன்னு களிக்கு உலை வெச்சிடுவேன்."

என் கையில் ஸ்பேனர். எனக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. "மாத்திடட்டுமா அத்தை?" என்று கேட்டேன். அத்தை என்று சொன்னது நானே கவனிக்காமல் வந்துவிட்டது.

"மாத்துங்க. சத்தம் வந்தா மட்டும் ஆளு வந்துடப்போறாரா?" என்றாங்க. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாங்க. நான் வண்டிக்கு அடியில் போய்விட்டேன். வண்டிக்கு அடியில் ஒரு வசதி இருக்கிறது மாமா, அங்கே யாரும் நம் முகத்தைப் பார்க்க முடியாது.

இடது பக்க டை ராடு எண்டு சுலபமாக வந்தது. நட்டை எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருக்கிற இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் ரெண்டு அடி. தானாகக் கீழே விழுந்தது. கம்பியிலிருந்து மரை கழற்றும்போது சுற்றை எண்ணினேன். பதினேழரை. புதுசையும் அதே பதினேழரை சுற்றி ஏற்றினால்தான் சக்கரம் கோணாது. நான் எண்ணுகிறதைக் கேட்டு அத்தையும் வாய்க்குள் எண்ணியிருக்கிறாங்க. பாதியில் நான் மறந்துபோய் நிறுத்தினேன். "பதினொண்ணு" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அப்போதுதான் அத்தை அந்தக் கதையைச் சொன்னாங்க. "ரயில்வே கேட்டுல பார்த்தீங்களாமே. டயரு தேயுதுன்னு சொன்னீங்களாம்."

வண்டிக்கு அடியில் அப்படியே படுத்திருந்தேன்.

"மறுநாளே திருப்பதி போய்க் காட்டிக்கினு வந்தாரு. அடியில பார்ட்டு மாத்தணும்னு அவங்களும் சொன்னாங்களாம். காய் முடியட்டும், அப்புறம் மாத்தலாம்னு இருந்தாரு. அன்னிக்கு சாப்புடும்போது சொன்னாரு, ‘அந்தப் பையன் சொன்னது சரிதான்’னு."

ஏன் மாமா, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். கை கொடுக்க வேண்டாம். மஞ்சுவிடம் போனில் பேசும்போது, "டயரு விஷயம் சரின்னு சொல்லு" என்றாவது? அந்தக் கண்ணாடி ஏறினது எனக்கு எத்தனை மாசம் கண்ணில் நின்றது தெரியுமா? நான் சொன்னதை நீங்க வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கீங்க. எனக்குத்தான் அது வந்து சேரவில்லை.

சின்ன மாமா வந்தது அதற்கப்புறம். உங்க தம்பியை நான் தூரத்தில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பார்க்கையில் உங்க தோள், உங்க நடை. வண்டி ஒரு பக்கம் தூக்கி நிற்பதைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டுடா வண்டில கைய வெச்ச?"

நான் எழுந்து நின்றேன். கையெல்லாம் கிரீஸ். அத்தை முக்காலியிலிருந்து எழவில்லை, குரலையும் ஏற்றவில்லை.

"என்னைக் கேட்டு" என்றாங்க.

"அண்ணி, ஊர்ல நாலு பேரு..."

"நாலு பேரு யாராச்சும் என்னை ஊசி போட இட்டுக்கினு போவாங்களா? போன மாசம் நீங்களும் வெளியூர் போய்ட்டீங்க. நான் பஸ்ஸு மாறி ஏறிக்கினு போனேன். நாலு பேரு எங்க இருந்தாங்க?"

அவர் போகவில்லை. ஷெட்டுத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் திரும்பவும் குனிந்து வேலையைப் பார்த்தேன். வேறென்ன செய்வது?

லோயர் ஆர்மை வண்டி அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கிற பெரிய போல்ட் இளகவில்லை. ஸ்ப்ரே அடித்து அரைமணி நேரம் விட்டேன். ஸ்பேனரில் தொங்கினேன். காலால் மிதித்தேன். அசையவில்லை. மிதிக்கிற வேகத்தில் கை வழுக்கி, விரல் மூட்டு தோல் உரிந்து ரத்தம் வந்தது. இன்னும் முரட்டுத்தனமாக இழுத்தால் போல்ட் தலை உடைந்துபோகும். உடைந்தால் வெல்டிங் வைக்காமல் முடியாது. அதற்கு வண்டி கேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சின்ன மாமா ஜெயித்துவிடுவார். அப்படித்தான் நினைத்தேன்.

தூணில் சாய்ந்திருந்தவரைக் காணோம். கொஞ்ச நேரத்தில் தோளில் ஒரு பைப்போடு வந்தார். போர்வெல் ரிப்பேர் பார்க்கும்போது கழற்றிப்போட்ட இரும்பு பைப், ஆள் உயரம். ஸ்பேனர் பிடியில் அதைச் சொருகினார். நான் ஒரு நுனியைப் பிடித்தேன். போதவில்லை. அவரும் பிடித்தார். பைப்பில் இடம் கொஞ்சம். அவர் கை என் கைமேல்தான் வந்து உட்கார்ந்தது. என் ரத்தமும் கிரீஸும் அவர் கையில் ஒட்டியது.

"மெதுவா. வெடுக்குன்னு இழுக்கக் கூடாது" என்றேன்.

"தெரியும்" என்றார். "மோட்டாரு தூக்கறவன்தான நானும்."

ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்தோம். டக் என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"வந்துக்கினு இருக்குது" என்றார் சின்ன மாமா.

உடையவில்லை மாமா. இளகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னை ‘டா’ போடவில்லை. ‘நீங்க’ என்றும் சொல்லவில்லை. ஆளே இல்லாத வாக்கியமாகப் பேசினார். "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?" "இந்த நட்டு எங்க வெக்கறது?" எனக்கு அது போதுமாக இருந்தது.

மத்தியானம் அத்தை களியும் கோழிக் குழம்பும் செய்திருந்தாங்க. கிரீஸ் போக சோப்புத்தூள் கொண்டுவந்து, அவங்களே சொம்பில் தண்ணீர் ஊற்றினாங்க. "உள்ள வாங்க, துன்னுட்டு அப்புறம் வேலயப் பாருங்க" என்றாங்க.

என்னால் போக முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன். யாரும் தடுக்கவில்லை, வாசல் திறந்திருந்தது, கால்தான் ஏறவில்லை. "துணியெல்லாம் அழுக்கு அத்தை, இங்கயே சாப்பிடறேன்" என்று சொல்லி, சக்கரத்தைப் படுக்கப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அத்தை தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாங்க. திரும்பி வரும்போது இன்னொரு தட்டு, அவங்களுக்கு. சிமென்ட் தரையில், என் பக்கத்தில் உட்கார்ந்து, களியைக் கிள்ளிக் குழம்பில் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தாங்க. "உப்பு சரியா இருக்குதா? கண்ணு தெரியாம கைக்கணக்குல போட்டேன்" என்றாங்க. உப்பு ஒரு கல் கூடத்தான். சரியாக இருக்கிறது என்றேன்.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்க ஆர்மைக் கழற்றிவிட்டுப் புதுசு இருந்த பெட்டியைத் திறந்தேன். திருப்பிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். அதுவும் இடது பக்கத்துக்கு உள்ளது. கடைக்காரர் "குடிவைப்பா, எடமவைப்பா", வலதா இடதா என்று கேட்டபோது ரெண்டும் வேண்டும் என்று சொன்னேன். பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்கி வந்தது என் தப்பு. பதினைந்து வருஷமாக ஃபிட்டர் என்று சொல்லிக்கொள்கிறேன். சின்ன மாமா முன்னால் அப்படியே கூசிப்போனேன்.

அவர் சிரித்தார். முதல் தடவை. "எங்க அண்ணனும் ஒரு வாட்டி ரெண்டு வலது கால் செருப்பு வாங்கிக்கினு வந்தாரு" என்றார். அத்தையும் சிரித்தாங்க. நீங்களா மாமா? ரெண்டு வலது காலா? எனக்கு நீங்க எப்போதும் தப்பே செய்யாத மனுஷராகத்தான் தெரிந்தீங்க. அதுதான் உங்களிடம் எனக்குப் பயமே.

வண்டியைக் கழற்றினபடி ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த வாரம் ரெண்டு நாள் நல்ல மழை. ஷெட்டு ஒழுகும் என்று மஞ்சு சொன்னாள். திறந்து கிடக்கிற மூட்டெல்லாம் துரு ஏறுமே என்று எனக்கு வேலையில் மனசு ஓடவில்லை. அத்தைக்குப் போன் செய்தேன். "சின்னவரு தார்ப்பாய் போட்டு, காத்துல பறக்காம கல்லு வெச்சுட்டாரு" என்றாங்க. நான் கேட்கவில்லை, அத்தையும் செய்யச் சொல்லவில்லை, அவராகவே செய்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு சரியான பார்ட்டோடு போனேன். இந்தத் தடவை மஞ்சுவும் பாப்பாவும் வந்தாங்க. வலது பக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் மாட்டி, சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அப்புறம்தான் ஆர்மின் பெரிய போல்ட்டுகளுக்குக் கடைசி முறுக்கு. தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் புஷ் முறுகிச் சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகு முறுக்கினால்தான் நிலைக்கும். சின்ன மாமா இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சாவியை அவரிடம் கொடுத்தேன். "நீங்க ஓட்டிப் பாருங்க" என்றேன். என்னைப் பார்த்தார். ஏறினார். நான் பக்கத்து சீட்டில். ஏரிக்கரை வரைக்கும் போனோம். தண்ணீர் பாதி ஏறியிருந்தது. நேர் ரோட்டில், மெதுவான வேகத்தில், ஸ்டீயரிங்கிலிருந்து ரெண்டு கையையும் ஒரு நொடி எடுத்துப் பார்த்தார். வண்டி கோணவில்லை.

"நேரா போவுது" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சாவியை அத்தை கையில் கொடுத்தார். அத்தை அதை என் கையில் கொடுத்தாங்க. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு மஞ்சு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். உங்க போட்டோவுக்குக் கீழேதான் இலை போட்டிருந்தாங்க. நான் நிமிரவே இல்லை. குனிந்தே சாப்பிட்டேன்.

போன சனிக்கிழமை ஆஸ்பத்திரி. முதலில் அலைன்மென்ட் கடைக்குப் போய்ச் சரிபார்த்தேன். கொஞ்சம்தான் வித்தியாசம் என்றார்கள். நான் எண்ணினது சரி என்று அத்தையிடம் சொன்னேன். "நாம எண்ணினது" என்று திருத்தினாங்க.

அத்தை கண்ணில் சொட்டு விட்டு, மூடி உட்காரவைத்திருந்தார்கள். நர்ஸ் ஒரு ஃபாரத்தோடு வந்தாங்க. கூட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். தெலுங்கில் கேட்டாங்க, "மீரு ஆமெக்கு ஏமவுதாரு?" இவங்களுக்கு நீங்க என்ன உறவு?

மாமா, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாய் பழகியிருக்கவில்லை. ‘தெரிஞ்சவங்க’ என்றுதான் நாக்கு நுனிக்கு வந்தது. ஒன்பது வருஷம் அப்படித்தானே இருந்தோம். நான் சொல்வதற்குள் அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னாங்க.

"மா அல்லுடு."

எங்க மருமகன். சத்தமாகத்தான் சொன்னாங்க. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் நம் ஊர்ப்பக்கத்து ஆட்களும் ரெண்டு பேர் இருந்தார்கள், தலை திரும்பியது. நர்ஸுக்கு அது ஒரு விஷயமே இல்லை, எழுதிக்கொண்டு பேனாவை என்னிடம் நீட்டினாங்க. என் கையெழுத்து கோணலாக விழுந்தது.

நீங்க இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீங்க? அத்தையைத் தடுத்திருப்பீங்களா? ‘மா’ என்று அவங்க சொன்னதில் நீங்களும் இருக்கீங்களா? எனக்குத் தெரியவில்லை. உங்க தம்பி பைப் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்த பிறகு, உங்களுக்கும் இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் என்று தோன்றுகிறது. கிடைக்கவில்லையே.

ஒன்பது வருஷத்தை மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மஞ்சு ஒவ்வொரு தீபாவளிக்கும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தவன். எங்க நைனா சாகும்போது, "அவரு கோவத்துல நாயம் இருக்குதுடா" என்று உங்களுக்காகப் பேசினார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. எந்த நியாயம் என்று அவரிடமும் கேட்கவில்லை, உங்களிடமும் கேட்கவில்லை. ஆனால் உங்க வண்டிக்கு அடியில் ரெண்டு நாள் படுத்திருந்தேன். நீங்க எந்தப் பள்ளத்தில் இறங்கினீங்க, எங்கே கல்லில் இடித்தீங்க என்று அந்த இரும்பில் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் உங்களோடு நான் இருந்ததே இல்லை. அந்த அளவுக்கு என் கோபம் குறைந்திருக்கிறது. மீதியை மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன்.

பேத்தி ரெண்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ். ரெண்டையும் கலந்து அவளாக ஒரு பாஷை வைத்திருக்கிறாள். இந்த வருஷம் தோப்பில் காய் சுமார்தான் என்று சின்ன மாமா சொன்னார். அத்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வலது கண்ணுக்கு இன்னும் ரெண்டு ஊசி, அப்புறம் இடது கண்.

திரும்பி வரும்போது வடமாலப்பேட்டை தாண்டினதும் அத்தை தூங்கிவிட்டாங்க. கண்ணில் பஞ்சு வைத்த கட்டு, மடியில் மாத்திரைப் பை, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்து என்னைத் தாண்டிப் போயின. போகட்டும் என்று ஓரமாகவே வந்தேன்.

மாமா, ஒன்று மட்டும் வாக்காகச் சொல்கிறேன். மாசா மாசம் நானே வந்து கூட்டிப்போவேன், நானே கொண்டுவந்து விடுவேன். எவ்வளவு நேரமானாலும் சரி, அவங்க தூக்கம் கலையாமல் ஓட்டுவேன்.

உங்க மகள் மஞ்சுளாவின் வீட்டுக்காரன்,
உங்க சின்ன மருமகன்
சேகர்